எந்த அய்யா?

செடி வளர்ப்பவர்களின் வாட்ஸப் குழு எதிலாவது இருக்கிறீர்களா? இருங்கள், நல்ல விஷயம்தான். ஆனால் வீட்டில் ஒரு சாவு விழுந்தால், தயவுசெய்து முதலில் சித்தப்பாவுக்குப் போன் போடுங்கள். செடிக்காரர்களுக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். சொல்லாமலே விட்டாலும் ஒன்றும் குடி முழுகிப் போகாது. பட்டவள் சொல்கிறேன்.

இராமநாதபுரத்துக்கு வாக்கப்பட்டு வந்த பிறகுதான் எனக்குச் செடிப் பைத்தியம் பிடித்தது. எங்கள் தெருவில் போர் போட்டால் வருவதைத் தண்ணீர் என்று சொல்ல முடியாது. அதில் சாம்பார் வைத்தால் உப்பே போட வேண்டாம். அதை ஊற்றி ரோஜா வைத்தேன், கருகியது. மல்லிகை வைத்தேன், அதுவும் கருகியது. கறிவேப்பிலை மட்டும் நாலு இலை விட்டு ஆசை காட்டிவிட்டுக் கருகியது. கடைசியில் நர்சரிக்காரர் ஒருவர் என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு ஓர் அடீனியம் கொடுத்தார். பாலைவன ரோஜா என்பார்கள். அடிப்பகுதி கிழங்கு மாதிரி பெருத்துக்கொண்டு, மேலே பூப்பூவாகப் பூக்கும். குடிக்க வாங்குகிற தண்ணீரில் எப்போதாவது ஒரு சொம்பு ஊற்றினால் போதும். மற்றபடி அதற்கு வேண்டியது வெயில். வெயிலுக்கா எங்கள் ஊரில் பஞ்சம்?

ஒன்று பத்தானது, பத்து மாடி முழுக்க ஆனது. அய்யா ஒருமுறை மாடிக்கு வந்து சுற்றிப் பார்த்தார். (பெற்ற தகப்பனை எங்கள் பக்கம் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். இந்தக் கதை முழுக்க இந்த ஒரு வார்த்தையால் வந்த வினை, அதனால் இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.) அவர் முதுகுளத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் மிளகாய் போடுகிறவர்.

"இந்தக் கெழங்க அவிச்சுத் திங்கலாமா?" என்றார்.

"வெசம்யா."

"ஆடு கடிக்குமா?"

"கடிக்காதுய்யா."

"மனுசனும் திங்காம ஆடும் திங்காம, இத எதுக்கு ஆத்தா வளக்குற?"

"பூக்கும்ல?"

"சரி, பூக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். என் செடிகளைப் பற்றி எங்கள் குடும்பத்தில் யாரும் சொன்னதிலேயே மிகவும் மரியாதையான பேச்சு அதுதான். என் வீட்டுக்காரர் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

அதனால்தான் 'பாலைவன ரோஜா குடும்பம்' என்ற வாட்ஸப் குழுவில் சேர்ந்தபோது, பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்த மாதிரி இருந்தது எனக்கு. தமிழ்நாடு முழுக்க ஆட்கள். ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை, ஆனால் அவ்வளவு பாசம். என் முதல் செடிக்குக் கிழங்கில் அழுகல் வந்தபோது நான் அழுதுகொண்டே படம் போட்டேன். உடனே கும்பகோணத்து வசந்தி அக்கா வீடியோ காலில் வந்துவிட்டார். "பயப்படாதேம்மா, நான் இருக்கேன்ல. கத்திய நல்லாத் தொடச்சுக்கோ. அழுகுன எடத்த மட்டும் வெட்டு. இன்னும் கொஞ்சம். ஆங், போதும். வெட்டுன எடத்துல பட்டைப் பொடியத் தூவி, நெழல்ல வச்சுடு." குழுவில் ஆளாளுக்கு 'பிரார்த்திக்கிறோம் சிஸ்டர்' என்று எழுதினார்கள். அது துளிர் விட்ட அன்று குழுவே கொண்டாடியது. என் மகனுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட இத்தனை பேர் எனக்கு ஆறுதல் சொன்னதில்லை. நான் நம்பிவிட்டேன். நம்பாமல் என்ன செய்வது? வெட்டுப்பட்ட ஒரு கிழங்குக்கே இப்படி உருகுகிறார்களே!

குழுவின் அட்மின் தணிகாசலம். சேலத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அடீனியத்தில் கரை கண்டவர், கேட்கிற உறுப்பினர்களுக்கு விதையும் அனுப்புவார். அவரைக் குழுவில் எல்லோரும் 'அய்யா' என்றுதான் அழைப்பார்கள். 'காலை வணக்கம் அய்யா', 'இலை மஞ்சளாகுது அய்யா', 'அய்யா சொன்னா சரியாத்தான் இருக்கும் அய்யா'. எனக்கு மட்டும் அது வாயில் வரவில்லை. உயிரோடு ஒரு அய்யா மிளகாய்க் காட்டில் நிற்கும்போது, சேலத்தில் இன்னொருவரை எப்படி அய்யா என்பது? அதனால் நான் 'சார்' என்றே எழுதுவேன். சேர்ந்த நாளிலிருந்து ஒருமுறைகூட அவரை அய்யா என்று எழுதியதில்லை. இதை ஒரு ஆளாவது கவனித்திருக்கலாம். ஒருவரும் கவனிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

தணிகாசலம் சார் தன் தகப்பனாருக்குத் திதி கொடுக்க மனைவியோடு இராமேஸ்வரம் வருவதாகக் குழுவில் அறிவித்தார். 'அதிகாலை இராமநாதபுரத்தில் இறங்கி, காலைப் பலகாரம் சகோதரி காளீஸ்வரி இல்லத்தில்.' (காளீஸ்வரி நான்தான்.) குழுவில் ஒரே பொறாமை. 'கொடுத்து வச்சவங்க சிஸ்டர்', 'அய்யா பாதம் படப் போகுது உங்க மாடியில'. நான் இரண்டு நாளாக மாடியைக் கழுவினேன். தொட்டிகளுக்கெல்லாம் காவி அடித்தேன். என் வீட்டுக்காரர், "பொண்ணு பாக்க வந்தப்பகூட நீங்க இப்பிடி வெள்ளையடிக்கலயே" என்றார்.

முந்தின நாள் சாயங்காலம் சார் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினார். திதி முடிந்துதான் விருந்து என்று அவர் மனைவி சொல்லிவிட்டாராம். நேராக இராமேஸ்வரம் போய்த் தீர்த்தமாடிவிட்டு, மதியத்துக்கு மேல் வருகிறோம் என்றிருந்தார். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். குழுவில் இதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அதே சாயங்காலம் ஊரிலிருந்து அய்யாவும் அம்மாவும் வந்து இறங்கினார்கள். "நெஞ்சு கரிக்குதுங்கிறாக, நாளைக்கு டாக்டர்கிட்ட காட்டிருவம்" என்றார் அம்மா. அய்யாவோ, "மொளகா நெடிடி. அதுக்கு ஒரு டாக்டரா?" என்று சிரித்தார். ராத்திரி இரண்டு இட்லி சாப்பிட்டார், போதும் என்றார். காலையில் எழுந்து முகம் கழுவி நாற்காலியில் உட்கார்ந்தவர், நான் காபியோடு வருவதற்குள் போய்விட்டார். அவ்வளவுதான். ஆம்புலன்ஸ்காரர் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

அம்மா சுவரில் முட்டிக்கொண்டு அழுகிறார். என் வீட்டுக்காரர் வண்டி ஏற்பாடு செய்ய ஓடுகிறார். எனக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும். கை தானாகப் போனை எடுத்தது. தானாகக் 'குடும்ப'த்தைத் திறந்தது. எழுதினேன்: 'அய்யா காலைல தவறிட்டாக. நம்ம வீட்லதான். நெஞ்சுவலி. கையும் ஓடல காலும் ஓடல.'

அந்தக் காலையில் குழுவில் இருந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். அய்யா இந்நேரம் காளீஸ்வரி வீட்டில் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

அனுப்பிய கையோடு போனை இடுப்பில் செருகிக்கொண்டு, அய்யாவை ஏற்றிய வண்டியில் நாங்களும் ஏறிவிட்டோம். ஊரில் போய்த்தான் எடுக்க வேண்டும். சத்திரக்குடி தாண்டுவதற்குள் போன் அதிரத் தொடங்கி, அதிர்ந்துகொண்டே வந்தது. திறந்து பார்த்தால் கும்பிட்ட கைகளும் கண்ணீர் முகங்களும் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. 'ஈடு செய்ய முடியாத இழப்பு.' 'நம் குடும்பம் தலைவரை இழந்து தவிக்கிறது.' 'தமிழ்நாடே ஒரு மாமனிதரை இழந்துவிட்டது.' கொஞ்சம் கூடுதலாகத்தான் பட்டது. ஆனால் கேத வீட்டில் யார் அளந்து பார்ப்பார்கள்? எங்கள் அய்யாவை இத்தனை பேர் மதிக்கிறார்களே என்று ஒன்று விடாமல் படித்துக்கொண்டே வந்தேன். (ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள்.)

வசந்தி அக்கா கூப்பிட்டார். எடுத்ததுமே ஓவென்று அழுகை.

"அய்யா போயிட்டாராம்மா? நெஜமாவா? எப்படிம்மா?"

"காலைல முகங்கழுவிட்டு உக்காந்தாகக்கா. காபி கொண்டாரதுக்குள்ள போயிட்டாக."

"ஐயோ! கடைசியா ஏதாவது சொன்னாராம்மா?"

"மொளகா நெடின்னாகக்கா, அதுக்கு ஒரு டாக்டரான்னு சிரிச்சாக."

"அந்த மனசு யாருக்கு வரும்! அம்மா எப்படி இருக்காங்க?"

"பக்கத்துலதான் இருக்காக. அழுது அழுது மயங்கி மயங்கி விழுறாக."

"குடும்மா, அம்மாகிட்ட குடு."

போனை ஸ்பீக்கரில் போட்டு அம்மாவிடம் நீட்டினேன். அம்மா வண்டியில் அய்யாவின் காலடியிலும், வசந்தி அக்கா கும்பகோணத்திலுமாக, முன்பின் பார்த்திராத இரண்டு பெண்கள் ஒருவருக்கொருவர் அழுதார்கள்.

"அம்மா, அய்யா எங்களுக்கெல்லாம் சாமி மாதிரிம்மா!"

"யாரு பெத்த புள்ளையோ, இப்பிடி அழுகுதே! யாருக்கும் ஒரு கொறை வைக்கலயே தாயி அவுக!"

"அவர் குடுத்த வெதைதாம்மா எங்க வீடெல்லாம் மொளச்சு நிக்குது!"

"ஆமா தாயி, கேட்டவுகளுக்கெல்லாம் வெதை குடுப்பாக. ஒருத்தரையும் இல்லன்னு சொல்ல மாட்டாக!"

அம்மா சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. புரட்டாசியில் மிளகாய் விதை கேட்டு வருகிறவர்களை அய்யா வெறுங்கையோடு அனுப்பியதே இல்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் புள்ள நல்லா இருக்கணும்" என்றார். எனக்கு ஒரு பக்கம் துக்கம், ஒரு பக்கம் பெருமை. பார்த்தீர்களா என் சிநேகிதிகளை என்று என் வீட்டுக்காரரை ஒரு பார்வைகூடப் பார்த்தேன்.

ஊருக்குப் போய் இறங்கினால், சித்தப்பா முதல் கேள்வியே இப்படிக் கேட்டார். "ஏத்தா, கூடப் பொறந்தவன் நான், எனக்கு டீக்கடையில வச்சு அடுத்தவன் சொல்லித் தெரியுது. ஒனக்கு என்ன போன்ல காசு இல்லையா?" தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டேன்.

இதற்கிடையில் மதுரையிலிருந்து ஜெயராஜ் என்ற உறுப்பினர், "எங்க வரணும் மேடம்?" என்று கேட்டிருந்தார். ஊர் இருக்கும் இடத்தை அனுப்பினேன். சேலத்துக்காரரை ஏன் முதுகுளத்தூர் பக்கம் கொண்டு போகிறார்கள் என்று ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. 'அய்யாவோட பூர்வீகம் நம்ம பக்கம்தான் போல' என்று ஜெயராஜ் குழுவில் எழுதியிருக்கிறார், அதுவும் பெருமையாக.

மத்தியானம் ஒரு கார் வந்து நின்றது. ஜெயராஜும் இன்னொருவரும் ஒரு பெரிய மலர் வளையத்தோடு இறங்கினார்கள். யாரையும் எதுவும் கேட்காமல், காரின் பின்பக்கத்திலிருந்து சுருட்டிய பிளக்ஸ் ஒன்றை எடுத்துப் பந்தல் காலில் கட்டிவிட்டார்கள். பெண்கள் எல்லோரும் வீட்டுக்குள் அம்மாவைச் சுற்றி இருந்தோம். வெளியே சித்தப்பாவின் குரல் கேட்டது.

"ஏலே முருகா! இங்கன வாலே! அண்ணன் உள்ள படுத்திருக்காரு. அங்கன போட்டோவுல சிரிக்கிறது யாருலே?"

முருகவேல் என் தம்பி. அவன் பார்த்திருக்கிறான். மூக்குக் கண்ணாடியும் சால்வையுமாக யாரோ ஒருவர் ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருக்கிறார். கீழே 'அடீனியத்தின் தந்தைக்குக் கண்ணீர் அஞ்சலி' என்று எழுதியிருக்கிறது. "அக்கா, செத்த வெளிய வா" என்று என்னைக் கூப்பிட்டான். நான் வாசலுக்கு வரவும் என் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. எடுத்தேன்.

"காளீஸ்வரி சகோதரியா? தணிகாசலம் பேசுகிறேன்."

நான் ஓவென்று அழுதேன். "சார், அய்யா தவறிட்டாக சார்!"

"அதைத்தான் நானும் கேட்கிறேன். நான் எப்போது தவறினேன்?"

இராமேஸ்வரம் கோயிலுக்குள் போனைக் கொண்டு போக விடமாட்டார்கள். வெளியே கொடுத்துவிட்டுத் தீர்த்தமாடப் போன மனிதர், சொட்டச் சொட்ட நனைந்து வந்து போனை வாங்கித் திறந்தால், குழுவில் தன் படத்துக்குக் கீழே விளக்கு எரிகிறது. பாவம்தான். அவர் மகன் சேலத்திலிருந்து வண்டி பிடித்துப் பாதி வழி வந்துவிட்டானாம். தங்கை மயக்கம் போட்டு விழுந்துவிட்டாராம்.

"இப்படிப் பொறுப்பில்லாமல் ஒரு செய்தி போடலாமா?" என்றார்.

"சார், எங்க அய்யா சார். எங்க அப்பா."

அதற்குத் தலைமையாசிரியர் சொன்னார்: "அப்படியென்றால் 'அப்பா' என்று தெளிவாக எழுத வேண்டாமா சகோதரி? சரி, என் ஆழ்ந்த அனுதாபங்கள். முதலில் குழுவில் ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள்."

உள்ளே ஒப்பாரி கேட்கிறது. நான் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, பெற்ற தகப்பன் செத்ததற்குத் திருத்தம் எழுதினேன். 'தவறியது தணிகாசலம் சார் இல்லை. என்னைப் பெத்த அய்யா, அதாவது அப்பா. சிரமத்துக்கு மன்னிக்கவும்.' ரோட்டைத் தோண்டிப் போட்டுவிட்டுப் பலகை வைப்பார்களே, அந்தப் பாஷைதான் வந்தது எனக்கு.

பதில் வரத் தொடங்கியது.

'அப்பாடா!!!'

'இப்பத்தான் உயிரே வந்துச்சு!'

'நல்ல வேளை, காளீஸ்வரி சிஸ்டரோட அப்பாதானாம்!'

'அய்யா நூறாண்டு வாழ்க!'

பட்டாசு வெடித்தது. பலூன் பறந்தது. யாரோ ஒரு புண்ணியவான் லட்டுப் படம் போட்டார். இடையில் ஒன்றிரண்டு பேர் எனக்காகவும் கும்பிட்ட கையைப் போட்டார்கள். அதற்குள் சார் தீர்த்தமாடி நனைந்து நிற்கும் படம் ஒன்று வந்து, அந்தக் கைகள் மேலே போய்விட்டன.

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. போனை அந்தத் தொழுவத்துச் சாணிக்குள்ளேயே போட்டு மிதித்துவிடலாமா என்றிருந்தது. நல்ல வேளையாமே, நல்ல வேளை! என் அய்யா உள்ளே வாய் கட்டிக் கிடக்கிறார், இவர்களுக்கு உயிர் வந்துவிட்டதாம்.

வசந்தி அக்கா மறுபடியும் கூப்பிட்டார். இந்தத் தடவை சிரிப்பு.

"காளீஸ்வரி! நம்ம அய்யா நல்லா இருக்காராம்மா! நான் செத்துப் பொழச்சேன் போ! காலைலேருந்து பச்சத் தண்ணி பல்லுல படல. இப்பத்தான் எங்க வீட்டுக்காரர் ஒரு வாய் சாப்புடுன்னு தட்டப் போட்டாரு."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். சிரிப்பு நின்றது.

"சரிம்மா. நீ… நீ பாரு. அப்புறம் பேசுறேன்."

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை பேசியிருக்கிறார். உரம் பற்றி, ஒட்டுக் கட்டுவது பற்றி, மாவுப்பூச்சி பற்றி. என் அய்யாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வெட்கமாக இருந்திருக்கும். எனக்கும் அது புரியாமல் இல்லை. ஆனால் புரிந்தால் வலிக்காதா என்ன?

ஒரு ஆளை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். ஜெயராஜ் விஷயம் தெரிந்ததும் முகம் வெளிறிப் போய், பிளக்ஸை அவிழ்த்துச் சுருட்டினார். கூட வந்தவர், "கெளம்பிருவோமாண்ணே?" என்று காதில் கேட்டார். "மால வாங்கிட்டு வந்தாச்சு. இவரும் அய்யாதானப்பா" என்று சொல்லிவிட்டு, மலர் வளையத்தை எங்கள் அய்யாவின் மேல் வைத்துக் கும்பிட்டார். சுடுகாடு வரைக்கும் எங்கள் ஆட்களோடு நடந்து போனார். அவரை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். (அந்த வளையத்திலும் 'தணிகாசலம்' என்றுதான் எழுதியிருந்தது. முருகவேல் எழுத்தை மட்டும் பிய்த்து எடுத்தான்.)

காரியம் முடிந்து குழுவைத் திறந்து பார்த்தேன். அட்மின் புது விதி போட்டிருந்தார். 'இனி குழுவில் செடி சம்பந்தப்பட்ட பதிவுகள் மட்டும். சொந்தத் துக்கச் செய்திகளைத் தவிர்க்கவும்.' கீழே எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள், வசந்தி அக்கா உட்பட.

ஏன் இன்னும் அந்தக் குழுவில் இருக்கிறாய் என்று கேட்பீர்கள். மானம் ரோஷம் இருந்தால் வெளியேறியிருப்பேன். ஆனால் கிழங்கு அழுகினால் கேட்க வேறு ஆள் இல்லை. அந்த விஷயத்தில் அவர்கள் தங்கமானவர்கள்.

எங்கள் குடும்பத்துக்கு இது வாய்க்கு அவல். பந்தலில் நடந்ததை அம்மாவிடம் யாரும் மூச்சு விடக் கூடாது என்று அன்றைக்கே முருகவேல் சொல்லிவிட்டான். மற்றவர்களுக்குள் சிரிப்புக்குக் குறைவே இல்லை. வீட்டில் பால் பொங்கி ஊற்றினால், கண்ணாடி டம்ளர் உடைந்தால், என் வீட்டுக்காரர், "நல்ல வேளை, காளீஸ்வரி சிஸ்டரோடதுதானாம்" என்பார். சித்தப்பாவுக்கு நான் எதற்குப் போன் செய்தாலும், "யாரத்தா செத்தது, தெளிவாச் சொல்லு" என்றுதான் எடுப்பார். நானும் இப்போது சேர்ந்து சிரிக்கிறேன், வேறு வழியில்லை.

அம்மாவுக்கு மட்டும் இன்றுவரை தெரியாது. வருஷா வருஷம் மிளகாய்ப் பழம் காய்ந்ததும் முதல் அள்ளலை எடுத்து ஒரு மஞ்சப் பையில் கட்டி வைப்பார். "இது அந்த அழுத பொண்ணுக்கு" என்பார். அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு முருகவேல் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பான். நான் அதைக் கும்பகோணத்துக்குப் பார்சல் போட்டுவிடுவேன். வசந்தி அக்காவிடமிருந்து 'சூப்பர் காரம்மா!' என்று பதில் வரும்.

இந்த வருஷமும் அம்மா கேட்டார்.

"மொளகா வந்துச்சாமா?"

"வந்துருச்சாம். நல்ல காரம்னு சொன்னாகம்மா."

"உங்கய்யாவ நெனச்சுச்சா அந்தப் புள்ள?"

குழுவைத் திறந்து பார்த்தேன். அன்று காலையிலிருந்து வசந்தி அக்கா தணிகாசலம் சாருக்கு எழுதியதெல்லாம் வரிசையாக இருந்தது.

"நெனைக்காம இருப்பாகளாம்மா? அய்யா, அய்யான்னுதான் சொல்லிக்கிட்டு இருக்காக" என்றேன்.